கத்தரியே பேசட்டும்

இயந்திரத்துக்கு ஆன்மா கொடுத்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்றும், அவர்களில் மாரிவிக் ஒருத்தி என்றும் அவளுடைய நிறுவனம் கேடயத்தில் பொறித்துக் கொடுத்திருந்தது. அந்த ஆன்மதாதா இப்போது சொந்த ஊரான மரிகினாவில், அப்பாவின் முடிதிருத்தும் கடையில், அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காகிதக் கோப்பைகளில் காபித்தூள் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்கு முன் உடலை வைத்துக் காக்கும் துக்கத்தின் மூன்றாம் நாள். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். சுழல் நாற்காலி இருந்த இடத்தில், சாவு வீட்டு வழக்கப்படி, சீட்டாட்டம் நடந்தது. தலைமாட்டில் நின்ற மலர்வளையங்களில் பெரியது நிறுவனத்துடையது. நாடாவில் ‘ஆழ்ந்த அனுதாபங்களுடன், பெப்பே’ என்றிருந்தது.

பெப்பே மனிதனல்ல. கைபேசியில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் உதவியாளன். அதற்குக் குணமும் பேச்சும் எழுதியவள் மாரிவிக். எழுதினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாற்பது வருஷமாக அப்பா வாடிக்கையாளர் தலைக்குமேல் பேசியதையெல்லாம் அள்ளிக் கொட்டியிருந்தாள். தப்புச் செய்துவிட்டால் பெப்பே, ‘ரெண்டு வாரம் குடுங்க, முடி வளந்துடும்’ என்னும். நாடே சிரித்தது. எங்கிருந்து பிடித்தீர்கள் என்று மேலதிகாரிகள் வியந்தபோது, எல்லாம் கற்பனைதான் என்று அடக்கமாகச் சொல்லியிருந்தாள். தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், மகளுக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலை.

எதிர்வீட்டு நெஸ்டோர் காபியை வாங்கிக்கொண்டு மலர்வளையத்தைப் படித்தான்.

“பெப்பே கம்பெனியே அனுப்பியிருக்கு பாரேன். உங்கப்பா மாங் போன்சோ அவ்ளோ பெரிய ரசிகர்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.”

“ரசிகரா?”

“பின்ன? என் காதுல கத்தரி பட்டுச்சு, ‘ரெண்டு வாரம் குடு’ங்கறாரு. போனப் பாத்துக் காப்பியடிக்கிறீங்களான்னு கேட்டேன். கடையே சிரிச்சுது.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“அவரும் சிரிச்சாரு. அப்புறம் வாயத் தொறக்கவேயில்ல. வெட்டுவாரு, துணிய உதறுவாரு, அவ்ளோதான்.”

சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பி ருவெல் மெதுவாகச் சொன்னான்: “அது உங்க சரக்குன்னு சொல்ல வேண்டியதுதானப்பான்னு கேட்டேன்க்கா. அக்கா ஆபீசுக்குத் தெரிஞ்சா அவ வேல என்னாவுறதுன்னாரு.”

நெஸ்டோர் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினான். வாசல்வரை கூடப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களை வழியனுப்பக் கூடாது. அனுப்பினால் வீட்டில் இன்னொரு சாவு. மாரிவிக்குக்கு அந்த நிமிஷம் சம்பிரதாயத்தின்மேல் அபார நம்பிக்கை வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

கைபேசியில் அப்பாவின் கடைசிச் செய்தி இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வந்தது. ‘இப்பல்லாம் நான் பேசறதில்ல பாப்பா. கத்தரியே பேசட்டும், நான் கேட்டுக்கறேன்.’

அதற்குக் கீழே, கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. அவள் அனுப்பியது.

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து, யாராவது சும்மா இருக்கச் சொன்னால் பெப்பே அப்பாவின் அந்த வரியைத்தான் சொல்கிறது.