மூன்று நிமிட மணி

பெண் விடுதலைக்காக ஜீவரத்தினம் முழங்காத மேடை சித்தூர் வட்டாரத்தில் இல்லை. "பெண்ணே, வாய் திற! உன் மௌனமே உனக்கு விலங்கு!" என்று அவர் பங்காருபாளையத்தில் கர்ஜித்தபோது, மாங்காய் மண்டியின் ஏலமே நின்றது. மழை வந்ததால் நின்றது என்று சொல்வோரும் உண்டு.

ஆனால் அவர் வீட்டிலேயே ஒரு பெண் வாய் திறக்கவில்லை. மகள் கேசியாவுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. தாய் ஞானமணி நர்ஸ் வேலைக்குக் குவைத் போன ஒன்றரை ஆண்டில், அவள் பேச்சு "ம்", "சரி", "தெரியாது" என்று சுருங்கிவிட்டது. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறாள், பதிலே வருவதில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

மாதம் ஒரு கேசட் குவைத்துக்குப் போகும். அறுபது நிமிட நாடாவில் ஐம்பத்தொன்பதரை நிமிடம் தாராளமயம், பெண்ணடிமை, நாட்டின் நாளைய கதி குறித்து ஜீவரத்தினத்தின் உரை. மிச்ச அரை நிமிடத்தில் "அம்மா, நல்லா கீறேன்" என்பாள் கேசியா. அதோடு நாடா தீர்ந்து, டேப் ரெக்கார்டரின் பொத்தான் எகிறிவிடும்.

இம்முறை ஞானமணியிடமிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரிகள்: "உங்கள் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். என் குழந்தையின் குரல் எங்கே?"

சீர்திருத்தவாதிக்குச் சுருக்கென்றது. மகளைப் பேச வைத்தே தீர்வது என்று சூளுரைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா?" என்று கேட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை; மேடைதான் தோன்றியது.

திருப்பதியில் தமிழன்பர் சிலர் நடத்திய பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். தலைப்பு, பெண் கல்வி. நேரம், மூன்று நிமிடம். அவர் எழுதித் தந்த உரையோ பதினொரு நிமிடம். தெலுங்கு வழியில் படிக்கும் கேசியா, அதைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டு உருப்போட்டாள்.

"மணி அடிச்சா நிறுத்தணுமாமே, நைனா?" என்றாள், அபூர்வமாக.

"மணிக்கு அடங்கறவன் பேச்சாளனா? அது அடிச்சிக்கினே இருக்கட்டும். நீ பேசிக்கினே இரு!"

"ம்."

அரங்கில் அவளுக்குப் பக்கத்தில், அடுத்துப் பேச வேண்டிய ரூபா அமர்ந்திருந்தாள். கூலி வேலைக்குப் போகும் தாய் செங்கம்மாவோடு குடுபல்லியிலிருந்து வந்தவள். கையும் காலும் நடுங்கின. கேசியா தன் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். 'எதிரிக்கு உணவா!' என்று ஜீவரத்தினம் உள்ளுக்குள் ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினார்.

கேசியா மேடையேறினாள். குரல் மெலிந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது. மூன்றாம் நிமிடம் மணி ஒலித்தது. வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

ஜீவரத்தினம் எழுந்துவிட்டார். "நடுவர்களே! இது மணியா? பெண்ணின் குரல்வளையில் ஆதிக்கம் பதித்த விரல்! ஆயிரம் ஆண்டுகளாக..." என்று தொடங்கி, அந்த ஆயிரத்தையும் ஒவ்வோர் ஆண்டாக எடுத்து விளக்கப் புகுந்தார். நடுவர் மணியை அடித்தார், ஓங்கி அடித்தார். மணிக்கு அடங்கினால் அவர் பேச்சாளரா? மேடைப் படியில் நின்ற ரூபா, கண் கலங்கித் திரும்பிப் போகக் கால் எடுத்தாள்.

அப்போது ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"நைனா! குந்து!"

மேடையில் கேசியா மைக்கை இறுகப் பிடித்திருந்தாள்.

"என் நேரம் ஆயிப்போச்சு. இது ரூபா நேரம். அது பாவம், காலையிலேர்ந்து நடுங்கிக்கினு கீது. நீ கத்தக் கத்த அதுக்கு எல்லாம் மறந்துடும். குந்து நைனா!"

"அப்படிக் கேளு, என் தங்கமே!" என்றாள் பின்வரிசையிலிருந்து செங்கம்மா. அரங்கம் கைதட்டியது. முப்பதாண்டு மேடை வாழ்வில் ஜீவரத்தினம் கேட்டறியாத கைதட்டல். அவர் குந்தினார். கேசியா ரூபாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு இறங்கினாள்.

ரூபாவுக்கு இரண்டாம் பரிசு. கேசியாவுக்கு எதுவுமில்லை.

சித்தூர் திரும்பும் பஸ்ஸில் கேசியாதான் பேச்சை எடுத்தாள்.

"கோவமா, நைனா?"

"இல்லம்மா. உனக்குள்ள இம்மாம் பெரிய குரலா? வூட்ல ஏன் வரல?"

"வூட்ல நீ நிறுத்தவே மாட்ட. நான் எங்க பூந்து பேசறது? அங்க மைக் என் கையில இருந்துச்சு."

அடுத்த கேசட்டின் இரு பக்கமும் கேசியா பேசினாள்: பள்ளியில் பெண்கள் தன் தெலுங்கைப் பழித்துச் சிரிப்பதை, தாயின் புடவையைத் தலையணைக்குப் போர்த்தித் தூங்குவதை, ரூபாவுக்குக் கடிதம் எழுதுவதை. எதிரில் அமர்ந்திருந்த தகப்பன் எதையும் அறிந்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

கடைசி அரை நிமிடம் அவருக்குக் கிடைத்தது. தொண்டையைச் செருமினார். "அன்புள்ள ஞானமணி! இன்றைய சமுதாயத்திலே..."

பொத்தான் எகிறியது.