கைப்பிடித்து வருவது யார்?

தேவாலய வாசலில் மணப்பெண்ணான மகளைக் காரிலிருந்து இறக்கி, அவள் கையைப் பிடித்தபடி நிமிர்ந்தாள் வேன்காரம்மா. எதிரே அவள் புருஷன், புதுக் கோட்டும் டையுமாக, மகளின் கையைப் பிடிக்கத் தயாராக நின்றான்.

கல்யாண ஒத்திகையில் மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை நடத்திக்கொண்டு போனது வேன்காரம்மாதான். போகாமல் எப்படி? மகளுக்குப் பால்பல் விழாத வயதில், அடித்து உதைத்து, கடைசியில் இன்னொருத்தியோடு கிளம்பியவன் அவன். அதன்பிறகு அவள் வேன்களைக் கழுவினாள், ஓட்டப் பழகினாள், சொந்தமாகவே ஒன்று வாங்கி, ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். தினமும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஜெபிக்காமல் வண்டியை எடுத்ததில்லை. போன வருஷம் அவன் மெலிந்து வந்து மன்னிப்புக் கேட்டபோது, கர்த்தரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, மனசார மன்னித்தும் விட்டாள்.

"அப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது பொண்ணை அம்மாவா கூட்டிட்டுப் போறது? ஊரு சிரிக்கும் அண்ணி" என்றாள் நாத்தனார். "மன்னிச்சேன்னு சொன்னது வெறும் வாய் வார்த்தைதானா?"

சுருக்கென்று தைத்தது. மன்னித்தால் விட்டுக்கொடுத்துத்தானே ஆகவேண்டும்? வேன்காரம்மா மகளின் கையை விட்டாள். "நீங்களே கூட்டிட்டுப் போங்க."

மகள் அசையவில்லை.

"அத்தை, அம்மா மன்னிச்சது நிஜம். நானும் மன்னிச்சாச்சு. அதுக்காக அம்மாவோட இடத்தையும் தூக்கிக் குடுக்கணும்னு எந்த வேதத்துல இருக்கு?"

அப்பாவிடம் திரும்பியபோது குரல் தணிந்தது. "அப்பா, முதல் வரிசையில உங்களுக்கு இடம் போட்டிருக்கேன். போட்டோவுல எல்லாம் நீங்க இருக்கணும். ஆனா இந்தக் கை அம்மாவுக்கு."

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"நியாயந்தாம்மா" என்று உள்ளே போய் உட்கார்ந்தான். நாத்தனாரும் பின்னாலேயே நழுவினாள்.

ஆர்கன் முழங்கியது. தாயும் மகளும் நடந்தார்கள்.

"அம்மா, மெதுவா! ஸ்கூல் மணியா அடிச்சுட்டாங்க, இப்படி ஓடுறதுக்கு?"

"சும்மா வாடி. கால் தானா போகுது."

பீடத்தருகே போதகர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இந்தப் பெண்ணை விவாகம் செய்துகொடுப்பவர் யார்?"

வரிசைகளில் கழுத்துகள் நீண்டன. வேன்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகி, நெஞ்சை நிமிர்த்தினாள்.

"நான்தான் ஐயா. இவளைப் பெத்து வளர்த்தவ."

மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்டது.