பொறுக்கலாம் என்னும் சொல்

கதிரவன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த முற்பகல் வேளை. ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்து, பள்ளி மணியும் அடித்து அடங்கி, வேலை உள்ளோர் வேலைக்கும் இல்லாதோர் வேலை தேடியும் சென்றுவிட்டமையால், நான்கு மாடிப் பழங்கட்டடங்கள் இருமருங்கும் நிரையாய் நிற்கும் அத்தெரு ஆளரவமின்றிக் கிடந்தது. மாடிதோறும் குறுக்கே கட்டிய கொடிகளில் ஈரத்துணிகள் அசைவற்றுத் தொங்கின; அவற்றினின்று சொட்டிய நீர் தரையைத் தொட்டவுடன் காய்ந்தது. தெருக்கோடியில் இருந்த கட்டடத்தின் வாயிற்சுவரில் மட்டும் சிவப்பு மையால் ஒரு பெருக்கற்குறி இட்டிருந்தார்கள். வருகின்ற வெள்ளியன்று அதனை இடிக்கப் போகிறார்கள் என்பது அதன் பொருள். படிப்பவர் அக்குறியை நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அத்தெருவில் வாழ்ந்தவர்களோ அதைப் பார்ப்பதை விட்டு நெடுநாளாயிற்று.

அன்று திங்கட்கிழமை. குடை பிடித்து அத்தெருவினுள் நுழைந்தவள் ஒரு தையற்காரி. கிழமைக்கு ஆறு நாள் தன் சிறுகடையில் பொறி மிதித்துப் பிழைத்து, திங்களன்று மட்டும் கடையை அடைத்துவிட்டு, குடியிருக்க இடமின்றித் தெருவுக்கு வரும் நிலையிலுள்ள குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் உள்ளூர் அறக்குழு ஒன்றுக்காகக் கூலி பெறாது உழைப்பவள். உதவி கேட்டவர்களின் வீட்டுக்குச் சென்று, பார்த்து, கேட்டு, கொண்டுசென்ற தாளின் அடியில் மூன்று சொற்களுள் ஒன்றை எழுதுவது அவள் பணி: ‘உடனே’, ‘விரைவில்’, ‘பொறுக்கலாம்’. அவள் எழுதியதை அறக்குழுவினர் ஒருபோதும் தட்டியதில்லை. முதலாண்டில் அவள் ஒவ்வொரு வீட்டிலும் கண்கலங்கினாள். இரண்டாமாண்டில் தன் வீடு திரும்பிய பின் கலங்கினாள். பதினோராம் ஆண்டாகிய இப்போது எங்கும் கலங்குவதில்லை. அதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட வேண்டா. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவது போல அவள் உள்ளமும் மரத்திருந்தது. அன்று பார்க்க வேண்டிய குடும்பங்கள் நான்கு. அறக்குழுவின் கையில் இருந்த வீடு ஒன்றே ஒன்று.

மூன்று குடும்பங்களைப் பார்த்தாயிற்று. மூன்றாம் வீட்டில் வெறுந்தரையும் அழுத கண்களுமே இருந்தமையால், அவர்கள் வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒரு மாதத் தவணை இருந்தும், ‘உடனே’ என்று எழுதியிருந்தாள். நான்காவது குடும்பம் சிவப்புக்குறி இட்ட கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கணவன் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவன். மனைவி, இரு பெண்மக்கள். கதவு திறந்ததும் தையற்காரியின் கண்ணில் பட்டது வான்நீலச் சுவர். நடுவே இரண்டு நாற்காலிகள், சாளரத்தில் பூப்போட்ட திரைச்சீலை, விரிப்பிட்ட சிறு பலகை. பிள்ளைகள் இருவரும் தேய்த்து மடித்த உடையணிந்து, தம் வீட்டுக்கே விருந்தாடிகளாய் வந்தவர்கள் போல மூலையில் கைகட்டி நின்றிருந்தனர்.

“உக்காருங்கம்மா” என்று வண்ணக்காரன் நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“எப்பக் காலி பண்ணணும்?”

“வெள்ளிக்கிழமைம்மா.”

“போறதுக்கு வேற எடம் பாத்தாச்சா?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டனர். “பாத்துக்கிட்டு இருக்கோம். ஏதாவது அமையும்” என்றாள் மனைவி. இல்லை என்னும் சொல்லைப் புதிதாய் வந்தவள் காதில் போட அவளுக்கு நா எழவில்லை.

“சொந்தக்காரங்க?”

“இருக்காங்கம்மா” என்றான் அவன். இருக்கிறார்கள் என்பது மெய்தான். சேர்த்துக்கொள்வார்களா என்று தையற்காரி கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முன்பின் அறியாதாரின் தோளளவையும் ஒரே நோக்கில் சொல்லிவிடும் அவள், அப்பிள்ளைகளின் உடைகள் வேறு பிள்ளைகளின் தோளுக்கு வெட்டப்பட்டவை என்பதைக் காணவில்லை. திரைச்சீலை ஒரு சாண் நீண்டு ஊசியால் மடித்துக் குத்தப்பட்டிருந்ததையும் காணவில்லை. நாற்காலியைக் கண்டாள், சுவரைக் கண்டாள். இவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று எண்ணி, ‘பொறுக்கலாம்’ என்று எழுதி எழுந்தாள். எதிரே நின்று தலைகீழாய்த் தெரிந்த எழுத்தைப் படிக்க மாட்டாத வண்ணக்காரன், எழுதியது நல்லதுதான் என்று கொண்டு, “ரொம்ப நன்றிம்மா” என்று கும்பிட்டான்.

தெருவில் இறங்கி வெயில் தலையில் சுட்ட பின்னரே குடையை விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. தன்னைத்தானே கடிந்துகொண்டு மீண்டும் மூன்று மாடி ஏறினாள். கதவு திறந்தே கிடந்தது. எதிர்வீட்டுக்காரி இரண்டு நாற்காலிகளையும் இரு கையில் தூக்கியபடி, “மாமனாரு சாப்பிட உக்காரணும்னாரு, அதான் அவசரமா வந்தேன்” என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே வண்ணக்காரன் திரைச்சீலையின் ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். மனைவி பிள்ளைகளின் நல்லுடைகளைக் களைந்து, திருப்பித் தருவதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பிட்ட பலகையும் முன்பே போய்விட்டிருக்க, எஞ்சியவை ஓர் அடுப்பு, முடிச்சிட்ட இரண்டு மூட்டைகள், தையற்காரியின் குடை.

தையற்காரி சுவரில் சாய்ந்தாள்.

“சாயாதீங்கம்மா” என்றான் வண்ணக்காரன் பதறி. “காலைலதான் அடிச்சேன். இன்னும் காயல.”

அவள் தோளைப் பார்த்தாள். நீலம் ஒட்டியிருந்தது.

“வெள்ளிக்கிழமை இடிக்கப்போற செவுத்துக்கா அடிச்சீங்க?”

“நீங்க வர்றதாச் சொன்னாங்க. வீடு குடுக்கிறவங்க வந்து பாக்கிறப்ப, இவங்க கையில குடுத்தா நல்லா வெச்சுக்குவாங்கன்னு தோணணும் இல்லையா? இத்தனை வருசமா எங்களப் பாக்க வந்தவங்க எல்லாம் அதத்தான் பாத்தாங்க.”

“நாங்க இல்லாதவங்களுக்குத்தான் குடுக்கிறோம்.”

“அது எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றாள் மனைவி. குரலில் சினம் இல்லை. “நீங்களும் சொல்லலையே.”

தையற்காரி தரையில் அமர்ந்தாள். எழுதியதை அடித்து ‘உடனே’ என்று எழுதினாள்; மூன்றாம் வீட்டின் தாளை எடுத்து அங்கிருந்த ‘உடனே’யை ‘விரைவில்’ ஆக்கினாள். துணியில் கோடு போட்டு வெட்டுவது போலவே அவள் கை இரண்டையும் செய்து முடித்தது. “வியாழக்கிழமை வண்டி வரும். தயாரா இருங்க” என்றாள். வண்ணக்காரன் கையிலிருந்த திரைச்சீலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மனைவி மட்டும், “அந்த வீட்டுல உள்பக்கம் தாழ்ப்பா இருக்காம்மா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் தலையசைத்துவிட்டு மடித்த உடையை மீண்டும் மடித்தாள்.

அன்று மாலை தையற்காரி கடையைத் திறந்து, துணிப்பெட்டியின் அடியில் கிடந்த பழைய தாள்களின் படிகளை வெளியே எடுத்தாள். ‘பொறுக்கலாம்’ என்று முடிந்தவை நாற்பத்து மூன்று. அவற்றில் தன் கையெழுத்தைத் தானே படித்தாள். நாற்காலி உண்டு. திரைச்சீலை உண்டு. பிள்ளைகளுக்கு நல்லுடை உண்டு. பதினோராண்டும் அவ்வாறே எழுதியிருந்தாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. மேலே இருந்த தாளின் வீட்டைத் தேடிச் சென்றாள். அவ்வீடு பூட்டிக்கிடக்க, பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப்பார்த்து, “அவங்க போயி ஆறு மாசம் ஆச்சே” என்றாள்.

“எங்க போனாங்கன்னு தெரியுமா?”

“சொல்லலங்க. தெரிஞ்சாத்தானே சொல்லுவாங்க. மூட்டையோட கீழ எறங்கினவங்க, எங்க நாற்காலிய மட்டும் ஞாபகமா துடைச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. இதான். உக்காருங்களேன்.”

இடக்கைப்பிடி உடைந்து கயிறு சுற்றிய அந்த நாற்காலியைத் தையற்காரி அடையாளம் கண்டாள். அதன்மேல் அமர்ந்துதான் அன்று எழுதியிருந்தாள். இப்போது அமரவில்லை, கதவுநிலையைப் பற்றியபடி நின்றாள். மரத்த காலில் உணர்வு மீளும்போது முதலில் வருவது நடை அன்று, வலி என்பதைப் படிப்பவர் அறிவர். பிறரைப் பார்க்கச் செல்கிறவர், அவர்கள் தமக்காக எடுத்து வைத்ததை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுவது எத்துணை எளிது. தையற்காரி கையிலிருந்த தாளை மடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். இன்னும் நாற்பத்திரண்டு இருந்தன.