ஆகச் சிறிய நிரல்

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: எழுத்தைப் பிரெயில் புள்ளியாக மாற்றும் கணினி நிரல்களிலேயே ஆகச் சிறியதை எழுதிய மேதை மரணப்படுக்கையில் இருந்தார். உலகம் என்றால், எவன் நிரல் எவன் நிரலைவிடக் குட்டை என்று இணையத்தில் கூடி மண்டையை உடைத்துக்கொள்ளும் நாற்பது பேர். ஓர் எழுத்து மிகையாக இருந்தாலும் நறுக்கிவிடுவார் என்பதால் அவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரி.

மேதையின் தொண்டையில் குழாய். பேச வழியில்லாமல் தாளில் கிறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாளையும் பென்சிலையும்தான் அவருடைய தம்பி இப்போது பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இனி இது எதுக்குண்ணே? அதான் அண்ணி வந்துட்டாங்கல்ல. அவங்க கையில பிரெயில் புள்ளியா குத்திச் சொல்லிடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க எதுக்கு?"

கண் தெரியாத அண்ணி நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். அவள் பிரெயில் அச்சகத்தில் பிழை திருத்துபவள். தம்பி நர்ஸையும் வெளியே கிளப்பினார். "பார்வையில்லாதவங்களுக்கே பாஷை குடுத்த மனுஷன், சிஸ்டர்" என்றார். நர்ஸ் உச்சுக்கொட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

பாஷை கொடுத்த லட்சணம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுக்காகத்தான் ஆரம்பித்தார். முதல் நிரல் ஓடியதும் அவள் விரலைப் பிடித்துத் திரைமேல் வைத்தார்.

"என்னங்க, மழமழன்னு வெறும் கண்ணாடியா இருக்கு?"

"புள்ளியெல்லாம் வந்திருக்குடி. பாக்கறவங்களுக்குத் தெரியும்."

"பாக்கறவங்களுக்கு எதுக்குங்க பிரெயில்?"

காகிதத்தில் குத்தி எடுக்க இன்னும் சில வரிகள் வேண்டும், நிரல் நீண்டுவிடும் என்றார். அதோடு அந்தப் பேச்சுக்கு முழுக்கு. நீங்களாவது பிரெயில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "நிரல்ல எல்லா எழுத்தையும் ஒரே எண்ணுக்குள்ள அடைச்சாச்சு. நான் எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?" என்று சிரித்தார். நாற்பது பேரும் இதைக் கேட்டால் கைதட்டியிருப்பார்கள்.

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "சொல்லுங்க."

விரல் இறங்கியது. நான்கு குத்து. பிறகு ஐந்து. எல்லாம் ஒரே நேர்கோட்டில். பிரெயில் எழுத்தில் மேலிருந்து கீழாக மூன்று புள்ளிக்கு மேல் இடமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சொல்லித் தருவது.

"மெதுவாங்க. வலிக்குதா? தண்ணி வேணுமா? ஆமான்னா கையை அழுத்துங்க, போதும்."

அழுத்தவில்லை. மறுபடி குத்தினார், நகம் பதிய, எதையோ முடித்துவிடுகிற அவசரத்தில். மணிக்கட்டுப் பக்கம் வரைக்கும் புள்ளிகள் போயின.

"தம்பி! அந்தத் தாளைக் கொண்டாங்க!"

கதவுக்கு வெளியே தம்பி அலைபேசியில் அண்ணன் பெருமையைச் சத்தமாக அளந்துகொண்டிருந்தார். எழுந்து போய்க் கூப்பிடலாமென்றால், இடது கையால் அவர் அவளை இறுகப் பிடித்திருந்தார்.

பிழையான பக்கம் ஒன்றைக்கூட அச்சுக்கு விடாதவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்: "புரிஞ்சுதுங்க. எல்லாம் புரிஞ்சுது."

விரல் நின்றது. சற்றுப் பொறுத்து, பிடியும் தளர்ந்தது. அப்புறம் தலைமாட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் இயந்திரம் விடாமல் கத்தியது.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தம்பி ஒரே கதையைச் சொன்னார். "கடைசி சேதியை அண்ணி கையில எழுதி முடிச்சுட்டுத்தான் கண்ணை மூடினாரு." சிலர் அவள் கையைப் பிடித்துத் திருப்பியே பார்த்தார்கள்.

நாற்பது பேரின் தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். அதைக் கிடத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"சேதி என்னன்னு கேக்கமாட்டேம்மா. அது உங்க சொந்த விஷயம். ஆனா நம்ம ஆளுங்க ஆசைப்படறாங்க... மொத்தம் எத்தனை எழுத்து?"

"ஒண்ணுகூட இல்ல" என்றாள்.