உப்புத்தாளில் தேய்த்த குச்சிகள்

கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் முத்திரை. முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து அரசாங்க முத்திரை குத்தியவர். அடியில் குடைந்து மெழுகு அடைத்த கல்லைக் கையில் வாங்கிய நொடியிலேயே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி கொடுத்த மரக்குச்சிகளை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் யார் நம்புவார்கள்?

கன்னத்துக்குள் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து, தொடைச் சதையை வைத்துத் தைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சாப்பாடும் மருந்தும் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான். பேசினால் எச்சில் வழிகிறது என்ற வெட்கத்தில் பேச்சையே விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஸ்லேட்டில் எழுதினார். அதுவும் ஆபீஸ் தமிழில். 'மின்விசிறியின் வேகம் குறைக்கப்பட வேண்டும்' என்று எழுதி நீட்டுவார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்க் குறைப்பாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலி மருந்து. அது போய் முக்கால் மணி நேரம் கழித்து வாய்ப் பயிற்சி. தட்டையான குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருக வேண்டும், வாராவாரம் ஒன்றிரண்டு கூட்ட வேண்டும். பதினெட்டுப் போனால் வாயால் சாப்பிட்டுப் பார்க்கலாம். சோம்பல் பட்டால் தாடை இறுகிப்போகும், திறப்பதற்கு மறுபடியும் கத்திதான்.

மருந்து வலியை அடக்கியது. கூடவே வயிற்றையும் கட்டிப்போட்டது. அதற்காகவே இளக்கும் மருந்து ஒரு பாட்டில் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதைக் குழாயில் விட்டுக்கொண்டு, வெளியே போன இடத்தில் மானம் போய்விட்டால்? முத்திரை அதைத் தொடவில்லை. "தினம் வெளிக்குப் போறீங்களா சார்?" என்று மகள் வயது நர்ஸ் போனில் கேட்டபோது, 'திருப்திகரமாக உள்ளது' என்று எழுதி மனைவியை விட்டுப் படிக்கச் சொன்னார். அன்றைக்கு அது ஆறாவது நாள்.

மருந்து அளப்பது தன் துறை என்று முதல் நாளே மனைவியிடமிருந்து அளவுக்குழலைப் பிடுங்கிக்கொண்டவர் அவர். அது இப்போது வசதியாகப் போயிற்று. வலி மருந்தை ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் சரியாக அளந்து, வாஷ்பேசினில் ஊற்றினார். வயிறு கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. வாய்தான் பழிவாங்கியது. பதினோராவது குச்சிக்கு மேல் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது. மனைவியோ மாலையானால் எதிரே உட்கார்ந்து குச்சிகளை எண்ணுகிறாள். என்ன செய்வார் பாவம், உப்புத்தாளை எடுத்துக் குச்சிகளை மெலிய வைத்தார். பத்து நாளில் நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து பதினெட்டுக்கு ஏறியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையும் பதினெட்டை வெற்றிகரமாகச் செருகிக் காட்டிவிட்டு, கழுவுவதற்காகக் குச்சிகளை மனைவியிடம் கொடுத்தார். அவள் அவற்றை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"எடை இடிக்குதே."

'மரம் காய்ந்துவிட்டது' என்று எழுதினார்.

"யார்கிட்ட? எங்கப்பா கடையில கல்லைக் குடைஞ்சப்போ அந்தத் தூளைப் பெருக்கிக் கொட்டினவ நான். இன்னைக்குக் குளியலறையில மரத்தூளைப் பெருக்கினவளும் நான்தான்."

முத்திரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கல்லைப் பிடிக்கப் போன இடத்தில்தான் அவர் இவளை முதலில் பார்த்ததே. அபராதம் போட்டுவிட்டு, அடுத்த மாதமே பெண் கேட்டுப் போனார். முப்பது வருடமாக ஒன்றும் அறியாத பிள்ளை என்று நினைத்திருந்தவள், இப்போது சாவகாசமாக உண்மையைச் சொல்கிறாள். அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

"வாய் திறக்கலன்னா மறுபடி வெட்டுவாங்க. தெரியுமா தெரியாதா உங்களுக்கு?" அவள் குரல் உடைந்துவிட்டது.

'மேற்படி மருந்தின் பக்க விளைவு காரணமாக' என்று தொடங்கினார். அழித்தார். பிறகு எழுதினார்: 'வயிறு கட்டிப்போச்சு. சொல்ல வெக்கம். மருந்தைக் கொட்டிட்டேன். வலி தாங்கல. பயமா இருக்கு.'

அவள் முதலில் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"இந்த மருந்து எடுக்கிற முக்கால்வாசிப் பேருக்கு வயிறு கட்டும்மா. அதுக்குத்தானே இளக்கும் மருந்து கொடுத்தோம்?" என்றாள் நர்ஸ். "பத்து நாள் விட்டுட்டுப் பழைய அளவையே எடுத்துடாதீங்க. டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்."

வலி மருந்தைப் பாதி அளவில் தொடங்கச் சொன்னார் டாக்டர். இளக்கும் மருந்து இரண்டு வேளை. அளவுக்குழல் மனைவியின் கைக்குப் போனது. வியாழக்கிழமை காலை குளியலறையிலிருந்து வெளியே வந்த அவர் முகத்தில், பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட அப்படியொரு நிம்மதி இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் புதுக் குச்சிகளை எடுத்தாள். மருந்து போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாகச் செருகினாள். பதினொன்றோடு நின்றது. உருவிக்கொண்டு, மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"பதினெட்டுன்னு எழுதியிருக்கே?"

முத்திரை மனைவியைப் பார்த்தார். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நான்தான்மா தப்பா எண்ணிட்டேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். தனக்காக ஒரு நர்ஸின் கண்ணில் மண்ணைத் தூவுகிறாள். ஸ்லேட் மடியிலேயே கிடந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"பொய்," என்றார். சொல் குழறியது, எச்சில் தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது. இருந்தாலும் புரிந்தது. "நான்... தேய்ச்சேன். பதினொண்ணுதான்."

நர்ஸ் பேனாவை எடுத்துப் பதினெட்டை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள். குழாய் இன்னும் மூன்று வாரமாவது இருக்க வேண்டும், அதற்குள் திறக்காவிட்டால் மறுபடி யோசிக்க வேண்டும் என்றாள். மனைவி அவர் தாடையைத் துடைத்துவிட்டாள். ஐந்து வாரம் கழித்து அவர் குரலைக் கேட்டவள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவள் கையை விலக்கிவிட்டு, மேஜையிலிருந்து பன்னிரண்டாவது குச்சியை எடுத்து நர்ஸிடம் நீட்டினார்.