ஜோஷ்வா அறையில் இலவம்பஞ்சு

என் அக்காள் புருஷன் சுந்தர்ராஜுக்கு யார் சொன்னாலும் மண்டையில் ஏறாது. போடி பஜாரில் இலவம்பஞ்சு வியாபாரம். உலகத்தில் எந்தச் சங்கடத்துக்கும் ஒரு மூட்டை பஞ்சு போதும் என்று நினைக்கிற மனுஷர். நல்லவர்தான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். கெட்டவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அக்காள் ஜெபஷீலாவுக்குத் தொண்டையில் புற்று என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டுமாம். உயிர் மிஞ்சும், குரல் மிஞ்சாது. ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் கொடுத்தார்கள். சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். அவள் முதல் அடியைப் பிடித்தால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். போனில் எடுத்து வைத்ததெல்லாம் கூட்டத்தோடு பாடியவை. அவள் குரல் தனியாக எங்கேயும் இல்லை.

ஆபரேஷனுக்குள் அதைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று அத்தான் கிளம்பினார். தேனியில் ஸ்டூடியோ இருக்கிறதே என்றேன்.

"வெடிஞ்சதும் கொஞ்ச நேரந்தான் அவளுக்குத் தொண்ட தெளிவா இருக்கு கிருபா. அந்நேரம் எவன் கடையத் தெறப்பான்? ஜோஷ்வா ரூம் சும்மாதான கெடக்கு. இங்கனயே கட்டிருவோம்."

மகன் ஜோஷ்வா பெங்களூரில் வேலை பார்க்கிறான். மைக்கும் ஹெட்போனும் அனுப்பி வைத்தவன், சுவரில் சத்தத்தை உறிஞ்ச ராக்வூல் என்று ஒரு பஞ்சு இருக்கிறது, அதை வாங்குங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னான்.

"ஏலே, பஞ்சு யாவாரி வீட்டுக்கு வெளிய இருந்து பஞ்சு வாங்கச் சொல்றியா? ஊரு சிரிக்கும்டா" என்று அத்தான் போனை வைத்துவிட்டார்.

அது இலவங்காய் வெடிக்கிற காலம். சரக்கு அடுக்குகிற கிட்டங்கி நிறையப் புதுப் பஞ்சு. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். சுவர் நெடுகச் சட்டம் அடித்து, நடுவில் பஞ்சைத் திணித்தார். கெட்டியான மெத்தைத் துணி போட்டால் சத்தம் பஞ்சுக்குள் போகாது என்று மகன் சொன்னானாம். அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, மெல்லிசான காடாத் துணியை இழுத்து ஆணி அடித்தார். மின்விசிறி சத்தம் போடும் என்று அதையும் கழற்றினார். கதவுக்கு ரெட்டைப் பலகை, ஓரமெல்லாம் ரப்பர்.

வேலை நடந்த நாளெல்லாம் அக்காள் அடுப்படியில் பாடிக்கொண்டுதான் இருந்தாள். குரல் லேசாகக் கரகரத்தது. ஆனாலும் அது அவள் குரல்.

"அத்தான், இந்தா பாடுறாளே, மைக்க இங்கன கொண்டாந்து வைங்க."

"ஜீப்புச் சத்தம் விழுந்துரும்மா."

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் எங்கள் தெரு வழியாகத்தான் விடிகிற நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு மலையேறும். "விழட்டுமே, போடியில இருக்கிறவ பாட்டுல ஜீப்பு விழாம வேறென்ன விழும்?" என்றேன். அவர் ஆணி அடிக்கப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் அறை முடிந்தது. மறுநாள் விடிந்ததும் அக்காள் தலைவாரிப் பூ வைத்து, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். நாங்கள் மூவரும் உள்ளே போனதும் அத்தான் கதவைச் சாத்தினார். அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. ஜீப்பு இல்லை, காக்கை இல்லை. அத்தான் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"என்னங்க, பாடவா?" என்றாள் அக்காள்.

"பாடு ஷீலா."

முதல் அடியில் பாதி வந்தது. அப்புறம் இருமல். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தாள், மறுபடி இருமல். அப்போதுதான் லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். காடாத் துணியின் இழைக்கு இழை பஞ்சுத் தூசி கசிந்து, அறை முழுக்க மிதந்துகொண்டிருந்தது. அக்காள் கிட்டங்கிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே தும்முகிறவள். அத்தானோ காலமெல்லாம் அந்தத் தூசியிலேயே சோறு தின்றவர். அவர் மூக்குக்கு அது காற்று. மூன்றாம் தடவை இருமியபோது அவள் கைக்குட்டையில் ரத்தம்.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆபரேஷன் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் ஆராதனையில் வேறு யாரோ எடுத்துக் கொடுத்தார்களாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷனும் முடிந்தது. உயிர் மிஞ்சியது.

அந்த அறையைப் பிரித்துப் போடச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. கடையிலிருந்து வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். ஒரு நாள் என்னையும் உள்ளே கூப்பிட்டு ஹெட்போனை என் காதில் வைத்தார். "என்னங்க, பாடவா?" என்று அக்காள் கேட்டாள். அரை அடி. பிறகு இருமல். அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் "பாடு ஷீலா" என்று வாய்விட்டுச் சொல்கிறார்.

போன வாரம் மத்தியானம் போனேன். அக்காள் ஒரு கையில் சோற்றுத் தட்டோடு அந்தக் கதவு முன்னால் நின்று, மற்றக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு விட ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையை மூடிய துணி மூச்சுக்கு மூச்சு அசைந்தது. என்னைக் கண்டதும் உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

அவள் தட்டைக் காட்டினாள். குழம்பு சோற்றோடு காய்ந்து ஒட்டியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கதவை ஓங்கி மிதித்தேன். "அத்தான்! ஒங்க பொண்டாட்டி வெளிய நிக்கிறா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே எதுவும் எட்டவில்லை. அவர் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்திருப்பார். மறுபடி மிதிக்கப் போன என் கையைப் பிடித்து அக்காள் இழுத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.