ஒரு கையில் சூடு, ஒரு கையில் குளிர்

இவனுக்குத் தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள்தான். ஆனால் ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து கொதிதண்ணீரை வாளி வாளியாக இயந்திர அறைக்குச் சுமப்பது வேறு வலி. சிந்தினால் கால் வெந்துவிடும்.

"ஊத்துங்க மாப்பிள்ளை, ஆற விடாதீங்க," என்றார் மச்சான். மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரியைக் குளிர வைக்கும் மிஷினுக்கு இங்கே ஆபரேட்டர். இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான்.

காலையில் மச்சான் டீ குடிக்கப் போயிருந்தபோது மிஷினின் விசிறி பெல்ட் கருகும் நாற்றம் வந்தது. பதறிப்போய் இவன் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டான். பர்னர் தீயை மட்டும் அணைத்துவிட்டு, மிஷினுக்குள் சுற்றும் உப்புக்கரைசல் நீர்த்துப்போகும்வரை பம்பை ஓடவிட்டிருக்க வேண்டும். பெல்ட்டை மச்சான் வந்து மாற்றிவிட்டார்; ஆனால் பம்பை ஓடவிடாததால் கரைசல் குழாய்க்குள் கல்லாய் உறைந்துவிட்டது. மேலே பிரசவ வார்டில் பச்சைக் குழந்தைகளுக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மிஷின் ஓடாவிட்டால் இவன் மறுபடி மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான்.

உறைந்த இடத்தில் சுற்றியிருந்த சாக்கின்மேல் ஊற்றினான்.

"கேஸை எரிச்சுக் குளிர வைக்கிற மிஷின்னு சொன்னப்பவே, காதுல பூ சுத்துறீங்கன்னு நெனச்சேன் மச்சான்."

"பூ எங்க சுத்துனேன்? சாக்குதான் சுத்திட்டிருக்கேன். ஊத்துங்க."

மதியத்துக்கு மேல், முக்கிக்கொண்டிருந்த பம்ப் சட்டென்று மூச்சுவிட்டது. உப்பு இளகிவிட்டது. மச்சான் பர்னரைப் பற்றவைத்தார்.

கண்ணாடித் துளையில் நீலத் தீ உறுமியது. அது கரைசலைக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாகப் பிரித்தது. ஆவி மறுபடி தண்ணீராகி, காற்றே இல்லாத தொட்டிக்குள் தூறலாய் விழுந்தது. காற்றில்லாத இடத்தில் தண்ணீர் குளிரிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான சூட்டை வார்டுக்குப் போகும் குழாய்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆவியை உப்பு குடித்துவிட்டு மறுபடி தீயிடம் போகும்.

ஒரு கையைப் பர்னர் பக்கம் நீட்டினான். சுட்டது. இன்னொரு கையை வார்டுக் குழாயின் வால்வில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் விரல் விறைத்தது. இத்தனை தீயைத் தின்றுவிட்டு இது குளிரைக் கக்குகிறது! மயிர்க்கூச்செறிந்தது. 

இன்ஜினியர் வந்தார். "எவன்யா மெயினை இறக்கினது?"

"நான்தான் சார்," என்றார் மச்சான்.

இன்ஜினியர் போனதும், "ஏன் மச்சான்?" என்றான்.

"என்னைத் திட்டுவாங்க. உங்களைத் துரத்திடுவாங்க."

மேலே விசிறல் நின்று குழந்தைகள் தூங்கிவிட்டன. "நான்தான் இறக்கினேன்" என்று இன்ஜினியரிடம் இவன் இன்னும் போய்ச் சொல்லவில்லை. மச்சானிடம் பட்ட அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.